‘போர்ட் போச்சு’ என்பது பதில் இல்லை

மருத்துவக் கல்லூரியில் ஃபைனல் இயர் படிக்கிற ஒருவரிடம் காய்ச்சலோடு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டர் வைக்கவில்லை, எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. “இவர் அவ்ளோதான், அடுத்தவரைக் கூப்பிடு” என்று சொன்னால் எப்படி இருக்கும்? நாம் லேபில் தினமும் இதைத்தான் செய்கிறோம். பென்டிரைவைச் செருகுகிறோம். ஒன்றும் வரவில்லை. “மச்சி, போர்ட் போச்சுடா” என்கிறோம். பக்கத்து சிஸ்டத்துக்கு நகர்கிறோம். மொத்த விசாரணையும் ஐந்து நொடி.

நான் சொல்ல வருவது இதுதான். ‘போர்ட் போச்சு’ என்பது ஒரு தீர்ப்பு. தீர்ப்புக்கு முன்னால் விசாரணை வேண்டும். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்கிற நாம் அந்த விசாரணையைக்கூட நடத்தக் கற்றுக்கொள்ளவில்லை என்றால், படிப்பில் எங்கேயோ பெரிய ஓட்டை இருக்கிறது.

“ஒரு யூஎஸ்பி போர்ட்டுக்கு இவ்ளோ பில்டப்பா?” என்று நீங்கள் கேட்பது புரிகிறது. கொஞ்சம் பொறுங்க, சொல்றேன்.

யாருக்கு நஷ்டம்?

லேப்டாப் வைத்திருப்பவருக்கு லேப் சிஸ்டத்தின் போர்ட் வேலை செய்யாதது ஒரு சின்ன எரிச்சல். பையிலிருந்து சொந்த லேப்டாப்பை எடுத்தால் முடிந்தது. ஆனால் லேப்டாப் இல்லாதவர்களும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள். மினி ப்ராஜெக்ட், ரெக்கார்ட், கோடிங் பிராக்டீஸ் எல்லாமே அவர்களுக்கு லேபில்தான், அதுவும் லேபைப் பூட்டும் நேரம் வரைக்கும்தான். ஆர்டுயினோ போர்டைக் கண்டுகொள்ளாத ஒரு டெஸ்க்டாப் கிடைத்தால் அவர்களுக்கு அந்தச் சாயங்காலமே வீண். முப்பது சிஸ்டம் உள்ள லேபில் ஆறு சிஸ்டத்துக்கு யூஎஸ்பி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிவ்யூவுக்கு முந்தின நாள் மீதி இருபத்தினாலுக்கு முன்னால் யார் காத்துக்கொண்டு நிற்பார்கள்?

அந்த ஆறு சிஸ்டங்களின் மேலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். ‘யூஎஸ்பி நாட் வொர்க்கிங்.’ ஸ்கெட்ச் பேனா எழுத்து, மேலே செல்லோ டேப். எழுதியவர் பெயர் கிடையாது, தேதி கிடையாது, எந்த போர்ட், எதைச் செருகினார்கள், என்ன நடந்தது, எதுவும் கிடையாது. ஒரு தடவை ஒட்டிவிட்டால் அதுதான் அந்த மெஷினின் தலையெழுத்து. சில வருஷம் கழித்து ஸ்டாக் வெரிஃபிகேஷன் வரும்போது “இதைக் கண்டம் பண்ணிடலாம்” என்று பட்டியலில் ஏறிவிடும். உள்ளே புராசசர் நன்றாக இருக்கும், ராம் நன்றாக இருக்கும். கழன்று கிடப்பது ஒரே ஒரு கேபிளாகக்கூட இருக்கலாம்.

நாலு வயர், இரண்டு கேள்வி

யூஎஸ்பியின் முதல் வடிவம் 1996-ல் வந்தது. இன்டெல்லில் அந்த வேலையில் முக்கியப் பங்கு வகித்தவர் அஜய் பட். பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கீபோர்டுக்கு ஒரு சாக்கெட், பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்று கம்ப்யூட்டரின் முதுகு முழுக்க விதவிதமான ஓட்டைகளாக இருந்த காலம் அது. எல்லாவற்றுக்கும் ஒரே சாக்கெட் என்பதுதான் யோசனை.

அந்த சாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது? யூஎஸ்பி 2.0 போர்ட்டில் நாலே நாலு முனை. ஒன்று 5 வோல்ட், ஒன்று கிரவுண்ட், நடுவில் இரண்டு டேட்டா. கேபிளை உரித்துப் பார்த்தால் வழக்கமாக சிவப்பு, கருப்பு, வெள்ளை, பச்சை. அவ்ளோதான். நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் இந்த நாலோடு இன்னும் ஐந்து முனை உண்டு. பழைய நாலு அங்கேயும் அப்படியே இருக்கும்.

ஆக, நாம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. கரண்ட் வருகிறதா? பேச்சு நடக்கிறதா?

பேச்சு எப்படி நடக்கிறது என்பது அழகான விஷயம். கம்ப்யூட்டர் பக்கம் இரண்டு டேட்டா வயரும் 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டை நோக்கி இறங்கி இருக்கும். நீங்கள் செருகுகிற பொருளுக்குள் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று அதில் ஒரு வயரை மேலே இழுக்கும். அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் “யாரோ வந்திருக்காங்க” என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். உடனே ரீசெட் செய்து “நீ யார்?” என்று கேட்கும். எக்ஸாம் ஹால் வாசலில் ஹால் டிக்கெட்டை நீட்டுவது மாதிரி, அந்தப் பொருள் தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் எண்ணையும் தன் மாடல் எண்ணையும் நீட்டும். அதைப் பார்த்து விண்டோஸ் சரியான டிரைவரைத் தேடி உட்கார வைக்கும். முதல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பரில் படித்த வோல்டேஜ் டிவைடர்தான் இங்கே வாட்ச்மேன் வேலை பார்க்கிறது.

இந்தப் படம் மனதில் இருந்தால், கோளாறு எந்தெந்த இடத்தில் வரலாம் என்பது தானாகத் தெரியும். கரண்டே வராமல் இருக்கலாம். கரண்ட் வந்தும் ‘டிங்’ சத்தம் வராமல் இருக்கலாம். சத்தம் வந்தும் ‘யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்று வரலாம். பொருளை அடையாளம் கண்டும் டிரைவர் கிடைக்காமல் இருக்கலாம். டிரைவரும் உட்கார்ந்த பிறகு பென்டிரைவ் மட்டும் ‘திஸ் பிசி’யில் தெரியாமல் இருக்கலாம். ஐந்து இடம், ஐந்து வேறு வேறு காரணம். ஐந்துக்கும் நாம் வைத்திருக்கிற ஒரே பெயர் ‘போர்ட் போச்சு’.

பாதி பாதியாக வெட்டுங்கள்

பைனரி சர்ச் நமக்குத் தெரியும். அதையே இங்கே செய்ய வேண்டியதுதான். ஒவ்வொரு சோதனையும் சந்தேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

முதல் வெட்டு: பொருளா, போர்ட்டா? அதே பென்டிரைவை வேறு சிஸ்டத்தில் செருகுங்கள். இந்த போர்ட்டில் நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு மவுஸைச் செருகுங்கள். ஒரு நிமிஷ வேலை. இதைச் செய்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

நடுவில் கேபிள் இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். நோட்எம்சியூ, ஆர்டுயினோ நானோ மாதிரி போர்டுகளோடு மல்லுக்கட்டுகிற ஈசிஇ ஜூனியர்கள் இதைக் கவனிக்கணும். பவர் பேங்கோடு வருகிற பல கேபிள்களில் டேட்டா வயர் இரண்டும் இருக்கவே இருக்காது. சிவப்பும் கருப்பும் மட்டும்தான். போர்டில் எல்இடி எரியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு போர்டு வந்ததே தெரியாது. லைட் எரிவதைப் பார்த்துவிட்டு கேபிளைச் சந்தேக லிஸ்டிலிருந்து நாம் எடுத்துவிடுகிறோம். இரண்டு கேள்வியில் ஒன்றுக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது வெட்டு: முன்பக்கமா, பின்பக்கமா? டெஸ்க்டாப்பின் பின்பக்க போர்ட்கள் மதர்போர்டிலேயே சாலிடர் ஆனவை. முன்பக்க போர்ட்கள் கேபினெட்டுக்குள் ஓடும் ஒரு கேபிள் வழியாக மதர்போர்டில் உள்ள பின் வரிசையில் செருகப்பட்டவை. முன்னால் வேலை செய்யாமல் பின்னால் வேலை செய்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தக் கேபிளை. யாராவது ராம் மாற்றக் கேபினெட்டைத் திறந்தபோது கை பட்டுக் கழன்றிருக்கலாம். இப்படிப்பட்ட மெஷினுக்கு ‘நாட் வொர்க்கிங்’ தாள் ஒட்டுவது, செருப்பு வார் அறுந்ததற்குக் காலில் கட்டுப் போடுவது மாதிரி.

வயர்லெஸ் மவுஸ் மட்டும் திக்கித் திணறினால் அதன் ரிசீவருக்குப் பக்கத்து நீல போர்ட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3.0 ஓடும்போது வரும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் கருவிகளைப் பாதிக்கும் என்று இன்டெல்லே 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கும் ரிசீவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒன்றைத் தள்ளி மாற்றுங்கள். செலவு பூஜ்யம்.

ஷட்டவுன் பண்ணினால் போதாதா?

“அணைச்சுப் போட்டுப் பாத்தாச்சு, வரலை” என்பது அடுத்த வசனம். இங்கே ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. அது ஆனில் இருந்தால், ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் கெர்னலையும் டிரைவர்களையும் முழுசாக மூடாது. அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த தடவை அதையே திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளும். சிக்கி நிற்கிற யூஎஸ்பி டிரைவர் சிக்கினபடியே திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அணைத்துப் போடுவதைவிட ரீஸ்டார்ட் சுத்தமானது. கேட்க விநோதமாக இருந்தாலும் உண்மை.

அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. கம்ப்யூட்டர் ஆஃப் ஆனாலும் எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரண்டை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். சில மெஷினில் ஷட்டவுன் ஆன பிறகும் மவுஸ் லைட் எரிவது அதனால்தான். குழம்பிப்போன கன்ட்ரோலர் அந்தக் கரண்டில் குழம்பினபடியே உட்கார்ந்திருக்கும். ஷட்டவுன் செய்து, பவர் கார்டை உருவி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கிற சார்ஜை வடியவிட்டு, பிறகு மாட்டிப் பாருங்கள். மந்திரம் மாதிரி தெரியும். கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் கர்வ் வரைந்து மார்க் வாங்கினவங்கதானே நாம்?

பெரிய வெட்டு: ஹார்டுவேரா, விண்டோஸா?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். பதில் கண்டுபிடிக்க ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. மெஷினை ஆன் செய்து பயாஸுக்குள் போங்கள். அங்கே அந்த போர்ட்டில் கீபோர்டு வேலை செய்தால், போர்ட் உயிரோடு இருக்கிறது. கோளாறு விண்டோஸ் பக்கம். இன்னும் உறுதி வேண்டுமென்றால், லேப் அண்ணாவிடம் அனுமதி கேட்டு, ஒரு பென்டிரைவில் உபுண்டு போட்டு அந்த போர்ட்டிலிருந்தே பூட் செய்யுங்கள். பூட் ஆகிவிட்டால் அந்த போர்ட்டில் கரண்டும் இருக்கிறது, டேட்டாவும் ஓடுகிறது. வேறு சாட்சி வேண்டாம்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்பதற்கு உலகறிந்த உதாரணங்கள் இருக்கின்றன. 2015-ல் இன்டெல்லின் ஆறாம் தலைமுறை புராசசர்கள் வந்தபோது, அவற்றோடு வந்த சிப்செட்களில் பழைய வகை யூஎஸ்பி கன்ட்ரோலர் நீக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 7 இன்ஸ்டாலேஷனில் புது வகை கன்ட்ரோலருக்கு டிரைவர் கிடையாது. விளைவு? பயாஸில் ஓடிய கீபோர்டும் மவுஸும் இன்ஸ்டாலேஷன் திரை வந்ததும் செத்துப்போன மாதிரி நிற்கும். புத்தம் புது போர்டு, புத்தம் புது போர்ட்!

ரொம்பப் பின்னால் போக வேண்டாம். 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு, ரெக்கவரி திரையில் மட்டும் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. விண்டோஸுக்குள் வழக்கம்போல ஓடின. அக்டோபர் 20-ம் தேதி மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு திருத்தம் வெளியிட்டது. அந்த ஆறு நாளில் ரெக்கவரிக்குள் மாட்டிக்கொண்டு “கீபோர்டு போச்சு” என்று புதுசு வாங்கியவர் இருந்தால், அந்தக் காசு தண்டம்தான்.

யூஎஸ்பி பிறந்த காலத்திலும் இதே கதைதான். 1998 ஏப்ரலில் சிகாகோவில் விண்டோஸ் 98-ஐக் காட்டும் மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்கும்போதே, ஸ்கேனரை யூஎஸ்பியில் செருகியதும் ப்ளூ ஸ்கிரீன் வந்தது. ஹால் முழுக்கச் சிரிப்பு. அவங்களுக்கே அப்படி என்றால், நாம் ஏன் உடனே சாக்கெட்டைக் குற்றம் சொல்கிறோம்?

திரையைப் படிங்க ப்ளீஸ்

என் கோபமெல்லாம் இங்கேதான். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படித்தவர்கள் நம்மில் ஏராளம், நானும்தான். ஆனால் திரையில் வருகிற இரண்டு வரி இங்கிலீஷைப் படிக்காமல் எக்ஸ் மார்க்கை அழுத்தி மூடுவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. மெஷின் தனக்கு எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறது. நாம் அதன் வாயைப் பொத்துகிறோம்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் முக்கோணம் உள்ள வரியை டபுள் கிளிக் செய்யுங்கள். அங்கே ஓர் எண் இருக்கும். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. விலை குறைந்த ஆர்டுயினோ நகல் போர்டுகளில் சிஎச்340 சிப்புக்கு டிரைவர் போடாதபோது அடிக்கடி வருவது இதுதான். கோட் 10 என்றால் அந்தப் பொருளைத் தொடங்க முடியவில்லை. கோட் 43 என்றால் அந்தப் பொருள் கோளாறைத் தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. ஹால் டிக்கெட் கேட்டும் ஒழுங்கான பதில் வரவில்லை என்பதும் இதில் சேரும். மூன்றும் மூன்று திசை. ஒன்றுக்கு டிரைவர், இன்னொன்றுக்கு ரீஸ்டார்ட், இன்னொன்றுக்கு கேபிளையோ பொருளையோ மாற்றிப் பார்ப்பது என்று தொடங்கலாம்.

கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாகச் செத்துப்போகிற போர்ட் என்றால் பவர் செட்டிங்கைப் பாருங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க, சும்மா இருக்கிற யூஎஸ்பி பொருளைத் தூங்க வைக்கும் ‘செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்ற வசதி விண்டோஸில் உண்டு. சில பொருட்கள் தூங்கினால் எழுந்திருக்காது. அதை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

பென்டிரைவ் மட்டும் தெரியவில்லை, மவுஸ் ஓடுகிறது என்றால் இரண்டு விஷயம். ஒன்று, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பாருங்கள். டிரைவ் அங்கே இருந்து, எழுத்து மட்டும் கொடுக்கப்படாமல் இருக்கலாம். இன்னொன்று, பென்டிரைவை யாரோ வேண்டுமென்றே தடுத்திருக்கலாம். ஜெராக்ஸ் கடைக்கும் லேபுக்கும் நடுவில் நம் பென்டிரைவ்கள் சுமந்து வரும் ஷார்ட்கட் வைரஸ் தொல்லையால், லேப் சிஸ்டங்களில் பென்டிரைவ் டிரைவரை அட்மின் முடக்கி வைப்பது உண்டு. அப்படி என்றால் போர்ட் கெடவில்லை, அது ஒரு முடிவு. அதைக் கண்டுபிடிப்பதோடு நம் வேலை முடிந்தது. யூடியூப் பார்த்து ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து அதைத் திறப்பது ரிப்பேர் ஆகாது. வேண்டுமென்றால் போய்க் கேளுங்க.

ஒரு எச்சரிக்கை. ‘யூஎஸ்பி கன்ட்ரோலர் எல்லாத்தையும் அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க’ என்று ஒரு யோசனை எல்லா வீடியோவிலும் வரும். ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் அவற்றைத் திரும்பப் போட்டுக்கொள்ளும், சில சமயம் உண்மையிலேயே சரியாகும். ஆனால் உங்கள் கீபோர்டும் மவுஸும் யூஎஸ்பிதான் என்றால், அன்இன்ஸ்டால் ஆன நொடியில் இரண்டும் போய்விடும். வேலையை சேவ் செய்துவிட்டுத் தொடங்குங்கள். பவர் பட்டனை அழுத்தித்தான் வெளியே வர வேண்டியிருக்கும்.

நிஜமாகவே செத்தால்

போர்ட் சாகவே சாகாது என்று நான் சொல்லவில்லை. சாகும். பெரும்பாலும் கொல்வது நாம்தான். யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டிய கரண்ட் 500 மில்லி ஆம்பியர், 3.0-வில் 900. இரண்டு சர்வோ மோட்டாரை ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னில் மாட்டி, அந்த ஆர்டுயினோவை லேப் சிஸ்டத்தில் மாட்டினால், மோட்டார் திணறும் நேரத்தில் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? அசல் ஊனோ போர்டில் இதற்காகவே 500 மில்லி ஆம்பியரில் தடுக்கும் ஃப்யூஸ் உண்டு. எல்லா நகல் போர்டிலும் அது இருக்கும் என்று நம்ப முடியாது. மோட்டாருக்குத் தனி பவர் சப்ளை கொடுங்க, கிரவுண்டை மட்டும் சேருங்க. இது ப்ராஜெக்ட் கைடு சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மதர்போர்டிலும் பாதுகாப்புக்காக, சூடானால் தடுத்து, ஆறினால் திரும்ப வழி விடும் பாலிஃப்யூஸ்கள் வைப்பது வழக்கம். பக்கத்துப் பக்கத்து இரண்டு போர்ட் ஒரே நேரத்தில் கரண்ட் இல்லாமல் போனால், இரண்டும் ஒரே ஃப்யூஸில் இருக்கலாம். எல்லாவற்றையும் உருவிவிட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். ஆன் செய்ததும் ‘ஓவர் கரண்ட்’ என்று எச்சரித்து, பதினைந்து நொடியில் தானே அணைந்துபோகிற மெஷினைப் பார்த்தால் முன்பக்க போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்த முனை பக்கத்து முனையையோ உலோகச் சட்டத்தையோ தொட்டுக்கொண்டிருக்கலாம்.

எல்லாம் பார்த்தும் வரவில்லையா? அப்போது சொல்லுங்கள், போர்ட் போச்சு என்று. அப்போதும் மெஷின் போகவில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் ஒரு யூஎஸ்பி கார்டு போடலாம். மற்ற போர்ட் ஒன்று நன்றாக இருந்தால் தனி பவர் உள்ள ஹப் ஒன்று போதும். மதர்போர்டு மாற்றும் செலவில் சின்னப் பகுதிதான்.

“அது நம்ம வேலை இல்லையே?”

இதற்கு வரும் பதில்கள் எனக்குத் தெரியும். முதல் பதில்: “காலேஜ் சொத்து, கை வச்சா சார் திட்டுவார்.” நியாயம். கேபினெட்டைத் திறக்கவோ, ஓஎஸ்ஸை மாற்றவோ அனுமதி இல்லாமல் கூடாது. ஆனால் மேலே சொன்னவற்றில் முக்கால்வாசிக்கு எதையும் திறக்கவே வேண்டாம். பொருளை மாற்றிச் செருகுவதற்கும், எரர் எண்ணைப் படிப்பதற்கும் யார் திட்டப்போகிறார்கள்?

இரண்டாவது: “நான் சிஎஸ்இ, எனக்கு ஹார்டுவேர் எதுக்கு?” சரி, இதை ஹார்டுவேராகப் பார்க்காதீர்கள், டீபக்கிங்காகப் பாருங்கள். கோடில் பக் வந்தால் மொத்த ப்ராஜெக்டையும் டெலீட் செய்துவிட்டுத் திரும்ப எழுதுகிறோமா? ஆனால் மெஷின் என்றால் மட்டும் “ஃபார்மட் போட்டுடலாம் ப்ரோ” என்கிறோம். ஃபார்மட் என்பது சாட்சிகளைக் கொளுத்திவிட்டு வழக்கை மூடுவது. சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது. அந்த மெஷினில் ஒரு ஜூனியர் சேவ் செய்து வைத்திருந்த ப்ராஜெக்ட் போனால் யார் பொறுப்பு?

மூன்றாவது: “யூடியூப்ல பத்து வழி இருக்கே?” இருக்கிறது. பத்தையும் வரிசையாகச் செய்தால் ஒன்றாவது பலிக்கலாம். ஆனால் எது பலித்தது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பத்து விஷயத்தை ஒரே மூச்சில் மாற்றியிருக்கிறீர்கள். அடுத்த தடவை திரும்பவும் பத்து. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதன் விளைவு என்ன என்று ஒரு குறிப்பு: இதுதான் முறை. முதல் வருஷ பிசிக்ஸ் லேபிலேயே நமக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். நாம் அதை ரெக்கார்ட் நோட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அந்த வீடியோக்களின் கீழே இருக்கிற ‘டிரைவர் அப்டேட்டர்’ சாஃப்ட்வேரையும் தொடாதீர்கள். டிரைவர் வேண்டுமென்றால் மதர்போர்டு தயாரித்தவரின் தளத்துக்குப் போங்கள்.

நேர்மையாகச் சொன்னால், இந்த வரிசை நம் லேப் அண்ணாக்களுக்குத் தெரியும். புத்தகம் பார்த்து இல்லை, வருஷக்கணக்காகக் கை பழகி. அவரிடம் “அண்ணா, போர்ட் போச்சு” என்று நாம் சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். “அண்ணா, பின்பக்கம் வருது, முன்பக்கம் ரெண்டும் வரலை, பயாஸ்லயும் வரலை” என்று சொன்னால் அவர் நேராகக் கேபிளுக்குப் போய்விடுவார். நம் இரண்டு நிமிஷம் அவருடைய அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். முப்பது மெஷினுக்கு அவர் ஒருவர்தான்.

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன். டிபார்ட்மென்ட்டிடம் ஒன்று: முதல் வருஷத்தில் ஒரே ஒரு லேப் வகுப்பு, கோளாறு உள்ள மெஷினைக் கொடுத்து “எங்கே கோளாறு என்று மட்டும் சொல்லு” என்று கேளுங்கள். சரி செய்ய வேண்டாம், இடத்தைச் சொன்னால் போதும். கண்டம் லிஸ்டில் உள்ள மெஷின்களே இதற்குப் போதும், புதுசாக எதுவும் வாங்க வேண்டாம். சீனியர்களிடம் ஒன்று: ஜூனியர் வந்து கேட்டால் “வேற சிஸ்டம் போ” என்று அனுப்பாமல், பக்கத்தில் உட்கார்ந்து முதல் வெட்டை மட்டும் செய்து காட்டுங்கள்.

உங்களிடம் ஒன்று. இந்த வாரம் லேபில் ஒரு போர்ட் உங்களைக் கண்டுகொள்ளாவிட்டால், நகர்வதற்கு முன் நாலு வரி எழுதி வையுங்கள். தேதி, எந்த போர்ட், எதைச் செருகினீர்கள், திரையில் என்ன வந்தது. அதை லேப் அண்ணாவிடம் கொடுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கு வீட்டில் வேறு கம்ப்யூட்டர் இல்லாமல் இருக்கலாம்.